அடுக்களை வாசலில் ஒன்பது மாதம்: குழந்தைத் தடுப்புக் கதவு ஒன்றின் மதிப்புரை

மியான்மரின் யாங்கூன் நகரின் நடுப்பகுதியில், பழைய அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்கு எங்கள் வீட்டை வருணிக்க வேண்டியதில்லை. 12.5 அடி அகலம், 50 அடி நீளம். முன்னால் இரும்புக் கம்பி அடித்த பால்கனி, நடுவில் கூடமும் பலகை வைத்துப் பிரித்த இரண்டு அறைகளும், கடைக்கோடியில் அடுக்களை, அதை ஒட்டியே குளியலறை. ரயில் பெட்டியைப் போல நீண்டு கிடக்கும் இந்த வீட்டில் ஒரு முனையில் நிற்பவரால் மறுமுனையில் நடப்பதைப் பார்க்க முடியும். ஓடிப் போய்த் தடுக்க முடியாது. நடக்கத் தொடங்கிய மாதத்திலேயே ஓடவும் கற்றுக்கொண்ட எங்கள் மகனுக்கோ அந்த 50 அடியும் ஓடுகளம். அவனுக்காக 2025 ஜனவரியில் நாங்கள் வாங்கிய உலோகத் தடுப்புக் கதவை, கடைக்காரர்கள் சேஃப்டி கேட் என்று சொல்லும் பொருளை, ஒன்பது மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெய்ச் சட்டி இன்னும் முழுதாக ஆறவில்லை.

வாங்கத் தூண்டியது ஒரு காலை நேரம். எங்கள் ஊரில் வெந்நீர் நிரப்பிய பிளாஸ்க் இல்லாத வீடு அரிது. வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்ற அது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அவனுக்கு ஒரு வயது நிரம்பிய வாரத்தில், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, தாழ்வான மேசையில் இருந்த பிளாஸ்கின் கைப்பிடியை அவன் பற்றி இழுத்தான். பிளாஸ்க் சாய்ந்து உருண்டது. மூடியை இறுக்கி வைத்திருந்ததால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனால் அன்று முழுவதும் என் கை நடுக்கம் நிற்கவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு ஏற்படும் தீக்காயங்களில் பெரும்பாலானவை நெருப்பால் வருபவை அல்ல, சூடான நீராலும் தேநீராலும் குழம்பாலும் வருபவை. குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லியது என்பதால், ஊற்றிக் கால் மணி நேரம் ஆன தேநீர்கூட அதைச் சுட்டுவிடும். இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்திருந்தும் பிளாஸ்கை அங்கேதான் வைத்திருந்தேன்.

அடுக்களைக்கு அப்பால் இன்னொரு ஆபத்தும் இருந்தது. மின்சாரம் இருக்கும் நேரத்தில்தான் மோட்டார் ஓடி மேல்மாடிகளுக்கு நீர் ஏறும் என்பதால், எங்கள் குளியலறையில் இரண்டு பீப்பாய்களும் ஒரு வாளியும் எந்நேரமும் நிரம்பியே இருக்கும். தலை கனமாகவும் கால் தளர்வாகவும் இருக்கும் இந்த வயதுக் குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது; இரண்டு அங்குல நீர் போதும், சத்தம்கூட எழாது. இந்த வீடுகளின் அமைப்பில் ஒரு நன்மை உண்டென்றால் அது இதுதான்: நெருப்பும் நீரும் ஒரே வாசலுக்கு அப்பால் இருக்கின்றன. அந்த ஒரு வாசலை அடைத்தால் இரண்டையும் அடைத்ததாகும். வீடு முழுவதும் பாதுகாப்புச் சாதனங்களை வாங்கி மாட்டும் பணமும் இடமும் இல்லாத எங்களுக்கு இதுவே தீர்மானிக்கும் காரணமாக இருந்தது.

நாங்கள் வாங்கிய கதவு வெள்ளை வண்ணம் பூசிய எஃகுக் கம்பிகளால் ஆனது. உயரம் 76 சென்டிமீட்டர். 75 முதல் 84 சென்டிமீட்டர் வரை அகலமுள்ள வாசலுக்குப் பொருந்தும். அதைவிட அகலமான வாசலுக்கு இணைப்புத் துண்டுகளைத் தனியாக விற்கிறார்கள். கொடுத்த விலை 1,20,000 கியாட். சுவரில் துளையிடத் தேவையில்லாத வகை இது: நான்கு மூலைகளிலும் உள்ள திருகுகளை முறுக்க முறுக்க, அவற்றின் முனையில் இருக்கும் ரப்பர் வட்டுகள் நிலைச்சட்டத்தை இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கம்பிகள் எல்லாம் செங்குத்தாக இருப்பதைப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன், ஏனெனில் குறுக்குக் கம்பி ஒன்று இருந்தாலும் அது குழந்தைக்கு ஏணிப்படி ஆகிவிடும்.

பொருத்தும்போது பலரைக் குழப்பும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியைப் பிரித்துச் சட்டத்தை நிறுத்தியதும், கதவின் தாழ் தன் கொக்கியைத் தொடாமல் ஒரு விரல் அகலத்துக்கு விலகி நின்றது. என் கணவர் அது கோணலான கதவு என்று முடிவு செய்து, மறுபடி பெட்டியில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோகவே புறப்பட்டுவிட்டார். உண்மையில் அந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்படுவது. திருகுகளை முறுக்கும்போது சட்டம் உள்நோக்கி நெருங்கி வந்து இடைவெளி மறைந்து, தாழ் தன் இடத்தில் உட்காரும். இடைவெளி மறைந்த பிறகும் நிறுத்தாமல் முறுக்கினால் தாழ் கொக்கியோடு உரசிக் கடினமாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலான சரியான இறுக்கம் எங்களுக்கு மூன்றாவது முயற்சியில் பிடிபட்டது. விளக்கத் தாளில் படங்கள் மட்டுமே இருந்தன, அவையும் தபால் தலை அளவில். இது ஒரு குறை.

எங்கள் வாசல் நிலை தேக்கு மரம். அந்தத் திருகுகளின் அழுத்தத்தைத் தேக்கு எளிதாகத் தாங்கியது. ஆனால் இதே கதவைச் சுண்ணாம்புப் பூச்சு உதிரும் பழைய சுவரில் நேரடியாகப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்துக் குடும்பம் அப்படிச் செய்து பார்த்தது; இரண்டே வாரத்தில் ரப்பர் வட்டின் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, கதவு ஒரு பக்கம் தொங்கிவிட்டது. மர நிலை இல்லாத வாசலாக இருந்தால், வட்டுகளுக்கு அடியில் வைக்கும் கிண்ண வடிவ அடிக்கட்டைகளைச் சுவரில் திருகி நிறுத்திய பிறகே கதவைப் பொருத்த வேண்டும்.

வாங்கிய கடையில் ஒரு தவறான அறிவுரையும் கிடைத்தது. மாடிப்படிக்கும் இதையே வைக்கலாம் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். வைக்கவே கூடாது. அழுத்தத்தால் மட்டும் நிற்கும் கதவு, குழந்தை தன் முழு எடையோடு மோதினால் நழுவக்கூடும். அடுக்களை வாசலில் நழுவினால் குழந்தை தரையில் விழும், படியின் மேல்முனையில் நழுவினால் கதவோடு சேர்ந்து படியில் உருளும். மேலும் இவ்வகைக் கதவுகளுக்கு அடியில், இரு பக்கத்தையும் இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம் தரையோடு ஓடுகிறது. படியின் தலைப்பில் அது கால் தட்டும் இடம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர் அங்கே தடுக்கினால் இருவருக்கும் ஆபத்து. படியின் மேல்முனைக்கு, சுவரில் திருகி மாட்டுவதும் அடிச்சட்டம் இல்லாததுமான வேறு வகை தேவை. எங்கள் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, இழுத்துப் பூட்டும் இரும்புக் கதவுக்கு அப்பால் இருப்பதால் எங்களுக்கு அந்தத் தேவை எழவில்லை.

பால்கனி தனிக் கதை. எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலிருந்தும் தொங்குவதைப் போலவே எங்கள் பால்கனியிலிருந்தும் கீழே ஒரு கயிறு தொங்குகிறது; அதன் முனையில் கவ்வி, மேலே மணி. காலையில் நாளிதழையோ காய்கறிப் பையையோ கொண்டுவந்தவர் கீழிருந்து கயிற்றை இழுப்பார், மணி அடிக்கும், நாங்கள் தூக்கிக்கொள்வோம். மணிச் சத்தம் கேட்டால் பையன் எங்கிருந்தாலும் பால்கனிக்கு ஓடுவான். கம்பிகள் நெருக்கமாக இருப்பதால் விழுவான் என்ற பயம் இல்லை, ஆனால் கயிறு கழுத்தில் சுற்றக்கூடிய பொருள். பால்கனி வாசல் எங்கள் தடுப்புக் கதவைவிட மிக அகலம். இணைப்புத் துண்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் சட்டத்தின் உறுதி குறையும். ஆகவே அங்கே இந்தப் பொருள் எங்களுக்கு உதவவில்லை. கயிற்றை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி, பால்கனிக் கதவுக்கு மேல்தாழ் போட்டுக்கொண்டோம்.

இனி அன்றாடப் பயன்பாடு. கட்டை விரலால் ஒரு பொத்தானைப் பின்னுக்கு இழுத்து, அதே கையால் கதவைச் சற்று மேலே தூக்கித் தள்ளினால் திறக்கும். விட்டால் தானாக மூடிக்கொள்ளும். மற்ற கையில் குழந்தையோ சோற்றுப் பானையோ இருந்தாலும் திறக்க முடிவது பெரிய வசதி. இந்தப் பொருளின் மிக நல்ல அம்சம் தானாக மூடிக்கொள்வதே. மறதி என்பது சோர்ந்த பெற்றோருக்கு இயல்பு, அந்த மறதியைக் கதவே ஈடு செய்கிறது. ஆனால் பாதித் திறப்பில் விட்டால் சில நேரம் தாழ் விழாமல் கொக்கியின் மீது சாய்ந்து நிற்கும். பார்ப்பதற்கு மூடியது போலவே இருக்கும். ‘டக்’ என்ற ஓசை கேட்ட பிறகே திரும்ப வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்டோம்.

பழகுவது எல்லோருக்கும் எளிதாக இல்லை. முதல் நாள் கதவைப் பார்த்த என் மாமியார், “என்னம்மா, பிள்ளைக்குக் கூண்டு கட்டுறியா?” என்று கேட்டார். அவருடைய வருத்தத்தைவிட அவருடைய கட்டை விரலே எங்களுக்குப் பெரிய சிக்கலாயிற்று. மூட்டு வலியால் அவரால் அந்தப் பொத்தானை இழுக்க முடியவில்லை. சொல்லவும் கூச்சப்பட்டு, லுங்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டத் தொடங்கினார். அல்லது நாங்கள் இல்லாதபோது ஒரு சாக்குத் துணியைச் செருகித் திறந்தே வைத்தார். இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அறுபத்தெட்டு வயதில் 76 சென்டிமீட்டர் கம்பியைத் தாண்டி விழுந்தால் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பிறகு திருகுகளைக் கால் சுற்றுத் தளர்த்தி, தாழின் உரசலை நீக்கி, பொத்தானில் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய் விட்டதும் அவர் கைக்கு அது இசைந்தது. கூட்டுக் குடும்பத்தில் இந்தப் பொருளை வாங்குகிறவர்கள் கடையிலேயே வீட்டின் மூத்தவரைக் கொண்டு திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவரால் திறக்க முடியாத கதவு, நாள் முழுவதும் திறந்து கிடக்கும் கதவாகத்தான் இருக்கும்.

அடிச்சட்டத்தைப் பற்றிய என் புகார் தீரவில்லை. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம்தான், பகலில் யாருக்கும் அது தெரியாது. இரவில் மின்சாரம் போன பிறகு, தண்ணீர் குடிக்க எழுந்த மாமனார் அதில் தடுக்கி நிலையைப் பிடித்துத் தப்பினார். மறுநாள் அந்தச் சட்டத்தின் மீது இருளில் ஒளிரும் நாடாவை ஒட்டினோம். அதையும் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. மின்வெட்டுக்காக வாங்கிய இன்வெர்ட்டரையும் அதன் மின்கலத்தையும் கதவுக்கு அப்பால், அடுக்களைப் பக்கம் நகர்த்த முடிந்ததைக் கதவின் கணக்கில் வரவாகச் சேர்க்கிறேன். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இப்போது அங்கேதான்.

பருவம் மாறும்போது இந்தக் கதவும் மாறுகிறது, இது எந்த விளக்கத் தாளிலும் இல்லாத செய்தி. ஏப்ரல் வெயிலில் மர நிலை வற்றிச் சுருங்கியது. பர்மியப் புத்தாண்டான திங்யான் விடுமுறையில், தெருவில் தண்ணீர் வீசும் ஆரவாரத்தைக் கேட்டுத் துள்ளிக்கொண்டிருந்த பையன் கம்பிகளைப் பிடித்து உலுக்கியபோது, மேல்மூலைத் திருகு ஒன்று நழுவிக் கதவு என் பக்கம் சரிந்தது. நான் அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே நின்றதால் தாங்கிப் பிடித்தேன். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்கு திருகுகளையும் கையால் அசைத்துப் பார்ப்பது என் கணவரின் வேலை. மே மாதக் கடைசியில் மழை தொடங்கியதும் நிலம் மட்டுமல்ல, மரமும் ஈரம் குடித்தது. இப்போது எதிர்மாறாகத் தாழ் இறுகியது, திருகுகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. அக்டோபர் வரை நீண்ட மழைக்காலத்தில் அடிச்சட்டத்தின் கீழ்ப்புறம், தரை துடைக்கும் நீர் படும் இடத்தில், வண்ணம் உப்பித் துரு தெரிகிறது. ஈரமான ஊர்களில் விற்பதற்கு இந்தப் பூச்சு போதாது.

மார்ச் 28 அன்று நண்பகலில் நான் அடுக்களையில் இருந்தேன், பையன் கதவின் மறுபுறம் அமர்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். சகாயிங் நிலப்பிளவில் 7.7 அளவிலான நிலநடுக்கம் மண்டலையையும் சகாயிங்கையும் சிதைத்த வேளை அது. யாங்கூனில் நாங்கள் உணர்ந்தது விளக்கு ஊசலாடும் அளவுக்கான ஆட்டம் மட்டுமே. அடுப்பை அணைத்தேன், ஒரு கையால் தாழை இழுத்தேன், அது உடனே திறந்தது, பிள்ளையை அள்ளிக்கொண்டு நிலைக்கு அடியில் நின்றேன். வீட்டுக்குள் ஒரு தடையை நிறுத்துகிறவர்கள் அவசரத்தில் அது தங்களையும் தடுக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அந்த நொடியில்தான் உணர்ந்தேன். சாவி போட்டுப் பூட்டும் வகைகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றை நான் வாங்க மாட்டேன்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், உண்டு. என் தாயார் எங்களை வளர்த்தபோது நிலையின் இருபுறமும் சட்டமடித்து, நடுவே ஒரு பலகையைச் செருகி வைப்பார். தவழும் குழந்தைக்கு அது போதும், நடக்கும் குழந்தை அதில் கால் வைத்து ஏறிவிடும். தச்சரிடம் சொல்லி அரைக் கதவு செய்து மாட்டுவது உறுதியில் இதைவிட மேலானது, ஏனெனில் கீல் நிலையோடு திருகப்பட்டிருக்கும், அடிச்சட்டமும் இருக்காது. சொந்த வீடாக இருந்திருந்தால் அதையே செய்திருப்பேன். வாடகை வீட்டுத் தேக்கு நிலையில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. பிளாஸ்டிக் பலகைகளைக் கோத்து வேலியாக வைக்கும் விளையாட்டுக் களம் ஒன்றை உறவினர் பரிசளித்தார், 12.5 அடி அகலக் கூடத்தில் அதை விரித்தால் பெரியவர்கள் நடக்க வழியில்லை. மேலும் அது குழந்தையை அடைக்கிறது. தடுப்புக் கதவோ ஆபத்தை ஒரு பக்கம் அடைத்துவிட்டு மீதி வீட்டைக் குழந்தைக்குத் திறந்து விடுகிறது. மாமியாருக்கு நான் சொன்ன பதிலும் அதுவே. இப்போது காலையில் அவர் அடுக்களைப் பக்கம் அமர்ந்து கன்னத்தில் பூசும் தனகாக் கட்டையைக் கல்லில் உரைக்கும்போது, பையன் கம்பிகளுக்கு நடுவே கன்னத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவர் அங்கிருந்தே பூசி விடுகிறார். அந்தக் கனமான கல் அவன் காலில் விழும் என்ற கவலை எனக்கு இல்லை.

எவ்வளவு காலம் உழைக்கும் என்பது குழந்தையைப் பொறுத்தது. பெட்டியில் 24 மாதம் வரை என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் மகனுக்கு இப்போது 22 மாதம். சென்ற மாதம் அவன் கூடத்திலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியை, தேநீர்க் கடைகளில் போடுவார்களே அந்தச் சின்ன முக்காலியை, தரதரவென்று இழுத்து வந்து கதவருகே போட்டு அதன் மேல் ஏறி நின்றான். கம்பியின் மேல்விளிம்பு அவன் வயிற்றுக்கு வந்தது. அன்றிலிருந்து முக்காலிகள் எல்லாம் அடுக்களைப் பக்கம் போய்விட்டன. தாழைத் திறக்கும் விதத்தையும் கூர்ந்து கவனிக்கிறான். பொத்தானை இழுக்கத் தெரிந்துவிட்டது, இழுத்துக்கொண்டே தூக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அவன் காலைத் தூக்கிப் போட்டு ஏறத் தொடங்கும் நாளில் கதவைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் அதற்குப் பிறகு அது விழும் உயரத்தைக் கூட்டுவதாகவே இருக்கும். அதற்குள் பிளாஸ்கையும் வாளியையும் பற்றி அவனுக்குச் சொல்லிப் புரியவைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ‘சுடும்’ என்ற சொல்லுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளக் கற்றிருக்கிறான்.

தீபாவளிக்கு முந்தின இரவு இரண்டு மணி நேரம் முறுக்கும் அதிரசமும் சுட்டோம். கதவு இல்லாத சென்ற ஆண்டு, ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் உலாவ, ஒருவர் மட்டும் அடுப்படியில் நின்றோம். இந்த ஆண்டு மாமியார் பிழிய நான் எடுத்தேன், அவன் கதவுக்கு அப்பால் தாத்தாவோடு அமர்ந்து, ஆறிய முறுக்கு ஒவ்வொன்றையும் கம்பி வழியாக வாங்கிக்கொண்டான். கொடுத்த 1,20,000 கியாட்டுக்கு இந்தப் பொருள் எனக்கு ஈடு செய்துவிட்டது. அடுக்களை வாசலுக்கு என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், படிக்கட்டுக்கோ பால்கனிக்கோ என்றால் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் வாசலின் அகலத்தை அடியிலும் நடுவிலும் மேலிலும் என மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய நிலைகள் நேராக நிற்பதில்லை. எங்களுடையது அடியைவிட மேலே ஒன்றரை சென்டிமீட்டர் விரிந்திருந்தது. மேல் திருகுகளையும் கீழ்த் திருகுகளையும் தனித்தனியாக நீட்டக்கூடிய கதவாக இருந்தால்தான் அத்தகைய வாசலில் அது உறுதியாக நிற்கும்.